கிளப்புப் புல்தரையில் அதிரசம்

கயிறு கம்பெனி லைன் வீடுகளை வருஷக் கடைசிக்குள் காலி செய்தால் போதும் என்று துரையே சொல்லியிருந்தார். நவம்பர் மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், கம்பெனி கேட்டுக்கு முன்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்று, லைன் மொத்தமும் கேட்கச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை, லைன் வீடுகளுக்குச் சூப்பர்வைசராக இருந்த கருணாகரன் தமிழில் சொன்னான். "டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுவரிக்கும் ஒருத்தரும் உங்களைத் தொட மாட்டாங்க. துரை வாக்கு." கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

அதே கருணாகரன்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் ஆட்களையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு வந்து சிலுவையம்மாள் வீட்டு ஓட்டைப் பிரித்தான்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்டையார்பேட்டையில் கப்பலுக்குக் கயிறு திரிக்கிற அந்தக் கம்பெனியில் கொடி மாறியிருந்தது, துரை மாறவில்லை. லைன் இருந்த இடத்தில் கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று சொன்னதும் பாதிப் பேர் கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். சிலுவையம்மாளின் புருஷன் இன்னாசி, கம்பெனி பாய்லரில் நெருப்பு பார்க்கிறவன், திருவொற்றியூரில் ஒரு வீடு பேசி வைத்திருந்தான். அங்கே குடியிருந்தவர்கள் பண்டிகை கழித்துத்தான் கிளம்புவார்கள். ஆகையால் இந்த வருஷக் கிறிஸ்துமஸ் லைன் வீட்டிலேயே, மூன்றாம் நாள் வண்டி கட்டுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

மூத்தவள் மார்த்தாவுக்கு ஏழு வயது. அடுத்தவன் சவரிக்கு நாலு. அப்புறம் ஒரு கைக்குழந்தை. வீடு பாதி மூட்டையும் பாதி பண்டிகையுமாக இருந்தது. துணி மூட்டைகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, இன்னொரு மூலையில் மார்த்தாவும் சவரியும் கிறிஸ்துமஸ் குடில் கட்டியிருந்தார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மசி பூசி மலை. கொட்டாங்கச்சியில் கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி. ராயபுரம் கோயில் வாசலில் வாங்கிய மண் பொம்மைகள். அடுப்பு ஓரத்தில் பானையில் அதிரச மாவு. ரேஷன் அரிசியில் கை கையாக எடுத்து மிச்சம் பிடித்து, இடித்து, பாகு காய்ச்சிக் கிளறி, நாள் கணக்காக ஊறவைத்தது. அன்றைக்குச் சுட வேண்டியது.

முதல் ஓடு பிரிந்து வெளிச்சம் உள்ளே விழுந்தபோது சிலுவையம்மாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாராப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இன்னாய்யா பண்றே? வூட்டுக்குள்ள ஆளு கீது!"

கருணாகரன் குடைக்குள் நின்றுகொண்டிருந்தான். "அதான் காலி பண்ணுன்றேன். கன்ட்ராக்டர் ரெண்டாந்தேதி வர்றாரு. கோடி வூட்லேர்ந்து ஆரம்பிக்கணும். உன்னுது கோடி வூடு."

"முப்பத்தொண்ணுன்னு நீதானே சொன்னே? நெஞ்சுல கைய வச்சிக்கினு சொன்னியே!"

"எல்லாருக்கும் சொன்னது. துரை முன்னாடி எகிறிப் பேசினவனுக்குச் சொல்லல."

இன்னாசி எகிறவெல்லாம் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில், "நாங்க போறதுக்கு வேற எடம் குடுப்பீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியைக் கருணாகரன் துரைக்கு இங்கிலீஷில் சொல்லவே இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

"அவரு வேலைல கீறாரு. சாயங்காலம் வரட்டும், பேசிக்கோ," என்றாள் சிலுவையம்மாள்.

"அவன் வேலைல கீறான்னு தெரிஞ்சிதான் வந்தேன்," என்று சிரித்தான் கருணாகரன்.

பண்டிகை நாளில் லீவு வேண்டுமென்றால் முந்தின நாள் பொழுது சாயும்வரை சேர்த்து வேலை பார்க்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். பாய்லரை விட்டு நடுவில் வரவும் முடியாது. ஆண்பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, மூன்று சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற வீட்டின் கூரையைக் கழற்ற வந்திருக்கிறான்.

சிலுவையம்மாள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். மேலே இருந்தவன், "யம்மா, விழுந்துடுவேன்மா, எங்களுக்கு இன்னாமா தெரியும், சொன்னதைச் செய்றோம்," என்று கெஞ்சினான். விட்டுவிட்டாள். உள்ளே ஓடி அதிரசப் பானையின் மேல் முறத்தைப் போட்டு மூடினாள். அதற்குள் ஓர் ஓடு நழுவிக் குடிலின் மேல் விழுந்தது. மலை அமுங்கியது. ஒட்டகத்தின் கழுத்து உடைந்து புல்லில் கிடந்தது. சவரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாய் கோணி அழ ஆரம்பித்தான். அவன் அழுததைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. மார்த்தா மட்டும் அழவில்லை. தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே தெரிந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பங்கரைக்கு மேலே பாதிக் கூரை போனதும் கருணாகரன் ஆட்களை இறங்கச் சொன்னான். "மீதிய நாளைக்கு மறாநாள் பிரிச்சிக்கலாம். நானும் இன்னா மனுசன் இல்லையா? பண்டிகை நாளு பாரு," என்றான். கிளம்பும்போது திரும்பி நின்று இதையும் சொன்னான். "சாயங்காலம் கிளப்புல லைன் பிள்ளைங்களுக்குப் பார்ட்டி கீது. மறக்காம அனுப்பு. பிள்ளைங்க வரலேன்னா துரை வருத்தப்படுவாரு."

   கூரையைப் பிரிக்கச் சொன்ன வாயால் பார்ட்டிக்குக் கூப்பிடுகிறானே, இவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லையே என்று சிலுவையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் அந்தப் பார்ட்டி நடக்கும். பிள்ளைக்கு ஒரு பன்னு, ஒரு கலர் சோடா, ஒரு பொம்மை. துரைசானி தன் கையால் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். மார்த்தா இரண்டு வருஷம் கும்பிட்டிருக்கிறாள்.

தூறல் போட ஆரம்பித்தது. அடுப்புக்குள் சொட்டியது. அக்கம்பக்கத்தில் மீதியிருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு, தங்கள் கூரையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

லைன் முனையில் ஒற்றை மாட்டு வண்டி வைத்திருந்த அத்தாவுல்லாவை மார்த்தாவை விட்டுக் கூப்பிடச் சொன்னாள். திருவொற்றியூருக்குச் சாமான் ஏற்ற அவரைத்தான் பேசியிருந்தார்கள். அவர் வந்து, பிரிந்த கூரையைப் பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டினார்.

"கலீஜு புடிச்சவன்," என்றார். "வுடு தங்கச்சி. நம்ம வூட்ல வந்து குந்து. பிள்ளைங்களுக்கு எடம் இல்லாமப் பூடுமா?"

"வண்டியக் கட்டுங்க பாய்."

"இப்பவேவா? அந்த வூடுதான் இன்னும் காலி ஆவலியே. எங்க போறது?"

"கிளப்புக்கு."

அத்தாவுல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பார்ட்டிக்குக் கூப்ட்டான்ல? போவோம். சட்டி, பானை, பாயி, கட்டிலு எல்லாம் போவோம். கூரை இல்லாத வூட்ல பண்டிகை பண்ண முடியாது. துரை வூட்டுப் புல்லுல பண்றேன்."

"இன்னாசி வரட்டுமே, தங்கச்சி."

"அவரு வந்தா வேணாம்னுவாரு," என்றாள் சிலுவையம்மாள்.

 மத்தியானத்துக்கு மேல் தூறல் விட்டதும் அத்தாவுல்லா மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு மறுநாள் கோயிலுக்கென்று தைத்து வைத்திருந்த புதுத்துணியை எடுத்துப் போட்டாள். மார்த்தாவுக்குப் பூப்போட்ட கவுன். சவரிக்குக் கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும். வாரிப் பின்னி, பவுடர் பூசி, வண்டியில் ஏற்றிய கட்டிலின் மேல் உட்கார வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டு, அதிரசப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் தானும் ஏறிக்கொண்டாள்.

கிளப்பு ராயபுரத்தில் கடலைப் பார்த்த பக்கம் இருந்தது. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது, பக்கத்தில் நின்றவர்கள், "இன்னாமா, பண்டிகை நாளும் அதுவுமா வூடு மாத்துறியா?" என்று கேட்டார்கள். "நான் மாத்தல, மாத்த வச்சிட்டாங்க," என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ரயில்வே கேட் திறப்பதற்குள் ஒரு கூட்டமே அவள் கதையைக் கேட்டிருந்தது.

கிளப்பு வாட்ச்மேன் மறித்தான். "சாமான் வண்டி உள்ள வுடக் கூடாது."

"சாமானா?" என்றார் அத்தாவுல்லா. "கண்ணத் தொறந்து பாரு. பார்ட்டிக்கு வந்த பிள்ளைங்க." கட்டிலின் மேல் புதுத்துணியோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் வாட்ச்மேன் பார்த்தான். என்ன சொல்வதென்று அவன் யோசிப்பதற்குள் மாடு உள்ளே போய்விட்டது.

புல்தரை நடுவில் ஒரு சவுக்கு மரக்கிளையை நட்டுப் பஞ்சு ஒட்டிக் கலர் காகிதம் கட்டியிருந்தார்கள். லைன் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தடியில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா மூட்டையிலிருந்து பொம்மைகளை எடுத்து எடுத்துத் துரைசானியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிலுவையம்மாள் யாரையும் பார்க்கவில்லை. வரிசைக்குப் பக்கத்திலேயே கட்டிலை இறக்கச் சொன்னாள். பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். மூட்டைகளை இறக்கினாள். கரியடுப்பை வைத்து விசிறி, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் மாவை உருட்டி வாழையிலையில் தட்டி முதல் அதிரசத்தைப் போட்டாள். வெல்லமும் ஏலக்காயும் வேகிற வாசனை புல்தரை முழுக்கப் பரவியது. வரிசையில் நின்ற பிள்ளைகளின் தலையெல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

துரை எழுந்து வந்தார். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஓடி வந்தார்.

"ஏய், இன்னா இது? அறிவு கீதா உனுக்கு? எடு, எல்லாத்தையும் எடு!" என்று தாடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

சவரி கட்டிலின் மேல் எழுந்து நின்று கையை நீட்டினான். "அம்மா! ஓடு பிரிச்ச மாமா!"

சிலுவையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சுக்கு மேலே கருணாகரனின் கண்கள். காலையில் குடைக்குள் நின்று சிரித்த அதே கண்கள். அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. காலையில் கூரையைப் பிரித்துவிட்டுச் சாயங்காலம் தாடி ஒட்டிக்கொண்டு பொம்மை கொடுக்கிறான்!

துரை அவனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவன் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, நீளமாக ஏதோ சொன்னான். துரை முகம் மலர்ந்தது. "ஹாப்பி கிறிஸ்மஸ், அம்மா!" என்று கை கூப்பினார்.

"இன்னா சொன்னே அவருகிட்ட?" என்று சிலுவையம்மாள் கேட்டாள்.

"அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? கெளம்பு. நாளைக்குப் பேசிக்கலாம்."

பின்னால் தட்டில் பன்னு வைத்துக்கொண்டு நின்ற ஃப்ளோரன்ஸ் முன்னே வந்தாள். கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிற ஆங்கிலோ இந்தியப் பெண், சட்டைக்காரி என்பார்கள். ராயபுரம் கோயிலில் சிலுவையம்மாளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவள். "பண்டிகைக்குத் துரைக்குப் பலகாரம் சுட்டுக் குடுக்க நீ ஆசையா வந்திருக்கேன்னு சொன்னாரு," என்றாள்.

"ஐயோ மாதாவே!" என்றாள் சிலுவையம்மாள். "மிஸ்ஸி, நீங்க சொல்லுங்க. நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. ஒண்ணியும் சேர்க்காதீங்க, ஒண்ணியும் வுடாதீங்க."

ஃப்ளோரன்ஸ் கருணாகரனைப் பார்த்தாள். அவளும் அந்த ஆபீசில் சம்பளம் வாங்குகிறவள்தான். தட்டைப் புல்லில் வைத்தாள். "சொல்லு," என்றாள்.

"முப்பத்தொண்ணு வரிக்கும் இருக்கலாம்னு துரை சொன்னாரு. நாங்க எல்லாம் கேட்டோம். இன்னிக்குக் காலைல இந்தத் தாத்தா ஆளு இட்டுகினு வந்து எங்க கூரையப் பிரிச்சிட்டாரு. அடியில மூணு பிள்ளைங்க. ஓடு விழுந்துச்சி. பிள்ளை தலைல விழுந்திருந்தா? எங்க வூட்டுக்காரரு கம்பெனிப் பாய்லர்ல கெடக்கிற நேரம் பார்த்து வந்தாரு. பிரிச்சிட்டு, பார்ட்டிக்கு வான்னு கூப்ட்டுட்டுப் போனாரு. அதான் வந்துட்டேன்."

ஃப்ளோரன்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரையின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. கருணாகரன் பக்கம் திரும்பினார். கருணாகரன் தாடியைக் கழற்றப் பார்த்தான். கோந்து விடவில்லை. ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது.

துரை ஃப்ளோரன்ஸிடம் ஏதோ சொன்னார். அவள் தயங்கினாள்.

"அப்படியே சொல்லுங்க," என்றாள் சிலுவையம்மாள்.

"ஆபீசுக்கு வந்து அமைதியா சொல்லியிருக்கலாமே, பிள்ளைங்க பார்ட்டியை ஏன் கெடுக்கணும்னு கேக்கிறார்."

எண்ணெயில் அதிரசம் கருகிக்கொண்டிருந்தது. சிலுவையம்மாள் அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஆபீசுக்கு வந்தா நான் பேசறதை அவருக்கு யாரு சொல்வாங்க? இந்தாளுதானே? இப்ப சொன்னாரே, பலகாரம் குடுக்க வந்தேன்னு! அப்படித்தானே சொல்வாரு? பார்ட்டிய நான் கெடுக்கல மிஸ்ஸி. எங்க பண்டிகையக் கெடுத்தவரு கையால இங்க பொம்மை குடுக்கறாங்க. அதைக் கேளுங்க."

வரிசையில் பிள்ளைகளோடு வந்திருந்த லைன் பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டில் பக்கம் நகர்ந்து வந்தார்கள். காலையில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனவர்கள்தான்.  வந்து நின்றார்கள். அவ்வளவுதான். ஆனால் துரை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அந்த நேரத்தில் துரையின் சின்ன மகள், வெள்ளைக் கவுன் போட்ட ஒரு குட்டிப் பெண், கூட்டத்துக்குள் புகுந்து வந்து அதிரசத் தட்டை எட்டிப் பார்த்தாள். சிலுவையம்மாள் ஆறின ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பண்டிகைப் பலகாரத்தை வந்து கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்பதா? குழந்தை கடித்துவிட்டுச் சிரித்தாள். துரைசானி விடுவிடென்று வந்து, அதைப் பிடுங்கிப் புல்லில் போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

துரை கடைசியாகச் சொன்னதை ஃப்ளோரன்ஸ் தமிழில் சொன்னாள். ஓட்டை உடனே போய்த் திரும்ப வேய்ந்து தருவார்கள். கிறிஸ்துமஸ் என்பதால் துரை தயவு பண்ணி முப்பத்தொன்று வரை இருக்க விடுகிறார்.

"தயவா?" சிலுவையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இது தயவு இல்ல மிஸ்ஸி. அவரு சொன்ன தேதி. சொன்ன தேதிக்கு எதுக்குத் தயவு?"

ஃப்ளோரன்ஸ் அதையும் சொன்னாள். துரை திரும்பி நாற்காலிக்குப் போய்விட்டார்.

சாமானை ஏற்றும்போது ஒரு குமாஸ்தா சவரிக்கு ஒரு தகர ரயிலும் மார்த்தாவுக்கு ஒரு பொம்மையும் கொண்டுவந்து கொடுத்தான். மார்த்தா கையை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சவரி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சிலுவையம்மாளுக்கு அதைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போலிருந்தது. கை போகவும் போனது. அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்த பிடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வாங்கிக்கோ மார்த்தா," என்றாள். "கும்புட வேணாம். உங்க நைனா வேலை செய்ற கம்பெனி. உழைச்சதுதான் வருது."

கூரையைத் திரும்ப வேய்ந்தார்கள். உடைந்தவற்றுக்குப் பதில் ஓடு இல்லையென்று, தார் பூசிய பழைய படுதாவைப் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். இன்னாசி வேலை முடிந்து வந்தபோது லைனே அவனுக்குக் கதை சொல்லிவிட்டிருந்தது. கரி படிந்த முகத்தோடு வாசலிலேயே நின்றான்.

"வேலை போச்சுன்னா இன்னாடி பண்ணுவே?"

"கூரை போனப்போ இன்னா பண்ணேனோ அதான் பண்ணுவேன்."

"உன்கூட பேஜாரு," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குக் குளிக்கப் போனான். வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த அதிரசத்தை ஒன்றன் பின் ஒன்றாகத் தின்றான். "கொஞ்சம் கருகிக் கீது," என்றான். அவள் முறைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் கோயிலுக்குப் போய்வந்து, கட்டின மூட்டைகளின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரியாணி போட்டாள். ஆட்டுக் கறியை அத்தாவுல்லா வீட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மழை வந்தது. படுதா ஒரு பக்கம் குழிந்து தண்ணீர் கட்டிக்கொண்டது. இன்னாசி ஒரு கழியால் முட்டிக் கொட்டிவிட்டான். தண்ணீர் வெளியே விழுகிற ஒவ்வொரு தடவையும் சவரி கைதட்டினான். பிள்ளைகளுக்கு அது நல்ல கிறிஸ்துமஸாகவே இருந்தது. அவளுக்குத்தான் படுதாவைப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் வண்டி கட்டித் திருவொற்றியூருக்குப் போனார்கள். புதுவருஷம் பிறந்த கையோடு இன்னாசியைப் பாய்லரிலிருந்து தூக்கி, கயிறுக்குத் தார் ஏற்றுகிற தொட்டியில் போட்டார்கள். கண் எரிகிற வேலை. ஃப்ளோரன்ஸை ஆபீசிலிருந்து கிடங்குக் கணக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மின்விசிறிகூட இல்லை. கருணாகரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடங்கு கட்டும் வேலைக்கும் அவனையே சூப்பர்வைசராகப் போட்டார்கள்.

திருவொற்றியூரில் தெருக்குழாய் ஒன்றுதான். முதல் வாரத்தில் ஒரு காலை, சிலுவையம்மாள் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது, பின்னால் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"புதுசா வந்திருக்கீங்களா? தண்டையார்பேட்டைதானே? ஏன் அங்கேர்ந்து வந்துட்டீங்க?"

"ஏன் வந்தேனா?" என்று சிலுவையம்மாள் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. "கேளுங்க, சொல்றேன். நெஞ்சுல கைய வச்சிக்கினு ஒருத்தன் சொன்னான்..."

குடம் நிரம்பி வழிய ஆரம்பித்தது. வரிசையில் யாரோ, "யம்மா, கொடத்தை எடு," என்றார்கள்.

"இரு, தோ எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, எடுக்காமலே, அவள் கதையில் கூரையைப் பிரித்த இடத்துக்கு வந்திருந்தாள்.